முதல் வருடச் செலவைக் கணக்கில் காட்டியதும் திருத்தியதும்

உள் அலங்கார வடிவமைப்புத் தொழிலைத் தனியாகத் தொடங்கிய முதல் ஆண்டு (2024-25) வருமான வரிக் கணக்கில் நான் செய்த தவறு, 80,000 ரூபாய் கணினியை முழுச் செலவாக எழுதியது. அது மூலதனச் சொத்து (பல ஆண்டு உழைக்கும் பொருள்), அதன் தேய்மானம், அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பு, மட்டுமே வருமானத்தில் கழியும். கணினிக்கு 40%. ஆனால் நவம்பரில் வாங்கியதால் அந்த ஆண்டில் 180 நாளுக்கும் குறைவான பயன்பாடு, ஆகவே பாதி: 16,000. மீதி 64,000-இல் அடுத்த ஆண்டு 25,600. மேசை நாற்காலிக்கு 10% தான்.

அலுவலக வாடகை கழியும், வாடகை அட்வான்ஸ் கழியாது. திரும்பி வரும் பணம் அல்லவா!

தொழில் செய்யத் தயாரான தேதிக்கு முந்தைய அன்றாடச் செலவு கழியாது. தயாரான பின், முதல் வாடிக்கையாளர் வரும்வரை ஆன செலவு கழியும். அதனால் ஒப்பந்தம், விலைப்புள்ளி, மின்கட்டண ரசீது என்று அந்தத் தேதிக்கு ஆதாரம் வைத்திருங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவும் கழியாது. யூபிஐ போதும்.

ஐடிஆர்-3 (தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான வரிக் கணக்கு) படிவத்தில் திருத்திய கணக்கை உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவையும் (உத்தேச லாபக் கணக்கு) போட்டுப் பாருங்கள்: வரவில் 50% லாபம் என்று காட்டினால் ரசீதே தேவையில்லை, ஆனால் தனியாக எந்தச் செலவும் கழிக்க முடியாது. 50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டி, பழைய வேலைச் சம்பளத்தையும் சேர்த்த மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம். சின்னத் தொகைக்கு ஆடிட்டர் கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடும்.