விஎம் டிஸ்க் வேகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்கள் "டிஸ்க் இழுக்குதுண்ணா" என்று அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்களில், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள் அச்சு மாறாமல் வருகின்றன. ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜக் கணினியில்) பழைய ஹார்டு டிஸ்க், ராம் பற்றாக்குறை போன்றவை பார்த்தாலே தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிஸ்கை ஐடிஇ-யிலேயே விட்டுவைப்பது

ஐடிஇ என்பது பழைய டிஸ்க் இணைப்பைப் போல நடிப்பது, மெதுவானது. விஎம்களுக்கென்றே செய்த விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் என்றால் முதலில் டிரைவர். இல்லாவிட்டால் பூட்டில் நீலத் திரைதான்.

'ரைட் பேக் அன்சேஃப்'

டிஸ்கின் கேஷ் அமைப்புகளில் ஒன்றான இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டிலும் எஃப்சிங்க் கூப்பிடும். எழுதியது நிஜமாகவே டிஸ்கில் இறங்கும்வரை நகராது. கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) கர்னல் அதை ஃப்ளஷ் கட்டளையாக, விஎம்முக்கு டிஸ்கைக் காட்டும் மென்பொருளான கியூஎமுவுக்கு அனுப்பும். 'நோ கேஷ்', 'ரைட் பேக்' இரண்டிலும் அது ஹோஸ்ட் டிஸ்க் வரை போய்ச் சேரும். 'அன்சேஃப்' போட்டால் கியூஎமு ஃப்ளஷைக் காதிலேயே வாங்காமல் "ஆச்சு" என்று சொல்லிவிடும். டேட்டா ஹோஸ்டின் ராமில் கிடக்கும். வேகம் ஏறாமல் என்ன செய்யும்?

கெஸ்டை எத்தனை முறை ரீபூட் செய்தாலும் ஒன்றும் ஆகாது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஹோஸ்ட் படுத்தால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த கடையொன்றின் பில்லிங் சர்வரை ஒரு தம்பி இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. மதியம் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது மரியாடிபி டேட்டாபேஸ் எழவில்லை, லாக் முழுக்கக் கரப்ஷன். முந்தைய இரவு பேக்கப்பை ஏற்றிவிட்டு, காலையிலிருந்து அடித்த பில்களின் நகலைப் பார்த்துக் கையால் ஏற்றினார்கள். "பேர்லயே அன்சேஃப்னு இருக்கே தம்பி" என்றேன். "டெஸ்ட்ல நல்லா வந்துச்சுண்ணா."

ஓஎஸ் நிறுவும் நேரத்துக்கு மட்டும் வைக்கலாம். பாதியில் போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். முடிந்ததும் 'நோ கேஷ்'.

டிடி காட்டும் எண்ணை நம்புவது

எழுதும் வேகம் பார்க்கப் பலரும் ஓட்டும் லினக்ஸ் கட்டளை டிடி. வெறும் டிடி பெரும்பாலும் அளப்பது கெஸ்டின் ராமைத்தான். டிஸ்க் சோதனைக் கருவியான எஃப்ஐஓவில் டைரக்ட்=1, எஃப்சிங்க்=1 வைத்து 4கே ரேண்டம் ரைட் ஓட்டுங்கள். சாதாரண எஸ்எஸ்டியில் அப்போதும் எண் வானத்தில் பறந்தால், கேஷ் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

பழைய ஸ்னாப்ஷாட்கள்

ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது; சேரச் சேர டிஸ்க் இழுக்கும். வேலை முடிந்ததும் மெர்ஜ் (மூல டிஸ்கோடு சேர்த்துவிடுங்கள்).

பிடிஆர்எஃப்எஸ் மேல் கியூகவ்2

பிடிஆர்எஃப்எஸ் ஒரு ஃபைல்சிஸ்டம், கியூகவ்2 விஎம் டிஸ்க் இமேஜின் வடிவம். இரண்டுமே காப்பி-ஆன்-ரைட் (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதுவது), அதனால் அதே வேலை இரட்டிப்பாகும். இமேஜ் ஃபோல்டருக்கு 'சிஎச்அட்டர் +சி' (பெரிய எழுத்து C) கொடுங்கள், பிடிஆர்எஃப்எஸ் பக்கம் அது நிற்கும். செக்சம் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு) போய்விடும் என்பது தெரிந்தே செய்யுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இமேஜுக்கு அது ஒட்டாது, புதிதாகக் காப்பி செய்துதான் ஆக வேண்டும்.