டர்பனில் போக்குவரத்துப் பொறியியல் மாஸ்டர்ஸ்: முதல் வேலை ரோபோவடியில்

சிவில் முடித்த பிள்ளைகள் கோயிலில் பார்த்தால் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, டிரான்ஸ்போர்ட்டில் மாஸ்டர்ஸ் சேரணும், எங்கே தொடங்குறது?" எல்லாரும் விண்ணப்பப் படிவத்தில் தொடங்குகிறார்கள். நான் ரோபோவடிக்கு அனுப்புவேன். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் சிக்னல் விளக்குக்குப் பெயர் ரோபோ. டாக்ஸி என்றால் பதினைந்து பேர் ஏறும் வேன்.)

படி 1: உங்கள் பட்டத்தின் நிலையைப் பாருங்கள்

இங்கே தேசியத் தகுதி வரிசையில் மாஸ்டர்ஸ் 9-ஆம் நிலை. சேர 8-ஆம் நிலைப் பட்டம் வேண்டும். நான்கு வருட பி.எங் அதற்குப் போதும். மூன்று வருடத் தொழில்நுட்பப் பட்டம் 7-ஆம் நிலைதான், நடுவில் ஹானர்ஸ் முடிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் சாக்வா (SAQA, தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) தரும் மதிப்பீட்டுச் சான்றைக் கேட்பார்கள். கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கும். ஆகவே முந்தைய வருடமே இதையெல்லாம் முடித்து வையுங்கள்.

படி 2: எந்த வகை?

முழு ஆய்வேடு ஒரு வகை, வகுப்பும் சிறிய ஆய்வேடும் சேர்ந்தது இன்னொரு வகை. எதுவானாலும் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம், ஆக 1,800 மணி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் காட்டிவிட்டுச் சேருங்கள்.

படி 3: ஒரு மணி நேரம் எண்ணுங்கள்

டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியோ ஃபீனிக்ஸ் பகுதியோ, வீட்டுக்குப் பக்கத்து ரோபோ போதும். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலை 6.30 முதல் 7.30 வரை. பள்ளி விடுமுறையில் போகாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் போய், எண்ணியதையெல்லாம் குப்பையில் போட்டேன். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். போனை வெளியே எடுக்காமல் பேப்பரில் கோடு போடுங்கள்.

ஒரே திசையில் வரும் வண்டிகளை 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எழுதுங்கள். 212, 268, 340, 280 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,100. அதிகமான கட்டம் 340, அதை நான்கால் பெருக்கினால் 1,360. இப்போது 1,100-ஐ 1,360-ஆல் வகுத்தால் 0.81. இதுதான் உச்ச நேரக் காரணி. ஒரு மணி நேரமும் வண்டிகள் சீராக வந்தால் 1 வரும். குறையக் குறைய, நெரிசல் ஒரு கால் மணிக்குள் குவிகிறது என்று பொருள். மணிக்கு 1,100 என்று நினைத்து ரோபோ நேரத்தை அமைத்தால், அந்தக் கால் மணியில் வரிசை நீண்டு போகும்.

அந்த 340 வந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரோபோவைத் தாண்டிய உடனே ஒரு டாக்ஸி இடது ஓரத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், பின்னால் பச்சை வீணாகும்.

படி 4: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

நான் முதலில் எழுதிய தலைப்பு 'டர்பன் பொதுப் போக்குவரத்தை மேம்படுத்துதல்'. பேராசிரியர் சிரித்துவிட்டு, "இதுக்கு ஒரு மந்திரிசபையே வேணுமே" என்றார். 'ரோபோவைத் தாண்டி 30 மீட்டருக்குள் டாக்ஸி நின்றால், ஒரு பச்சையில் எத்தனை வண்டி குறைவாகக் கடக்கும்?' இது ஒரு ஆளால் முடியும். தடையில்லாத ஒரு தடத்தில் பச்சையிலேயே ஓடினால் மணிக்குச் சுமார் 1,900 கார் கடக்கும் என்பது பாடநூல் அளவு. உங்கள் ரோபோவில் கிடைப்பதை அதோடு ஒப்பிடலாம்.

படி 5: பேராசிரியருக்கு எழுதுங்கள்

பிரிட்டோரியா, ஸ்டெல்லன்போஷ், கேப் டவுன் மூன்றிலும் இந்தத் துறைக்கு ஆட்கள் உண்டு. டர்பனை விட்டு நகர முடியாதவர்கள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் (Howard College) வளாகத்தில் சிவில் துறையில் விசாரிக்கலாம். அவர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, பத்து வரியில் மெயில் போடுங்கள். எண்ணிய தாளைச் சுத்தமாக ஒரே பக்கத்தில் இணையுங்கள்: இடம், தேதி, நேரம், நான்கு கட்டம், ஓரக் குறிப்பு. அன்றைக்கு மழை பெய்ததா என்பதையும் எழுதிவிடுங்கள். என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.