இரண்டு நிமிடப் பேச்சும் ஒரு வரித் திருத்தமும்: இணையவழி உயிர்ப்பல்வகைமைக் கூட்டங்களில் நாங்கள் விடும் பிழைகள்

2021 மே மாதக் கடைசி. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. நாடு முழுக்கப் பயணத் தடை, வீட்டை விட்டு இறங்க வழியில்லை. பமுணுகம கரையில் பிளாஸ்டிக் மணிகள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் படங்கள் போனுக்கு வந்தபடி இருந்தன. அதே நாட்களில்தான் ஐ.நா.வின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் (உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் காக்க நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை) விஞ்ஞான ஆலோசனை அமைப்பு தன் 24ஆவது கூட்டத்தை இணையவழியில் நடத்திக்கொண்டிருந்தது. மே 3 தொடங்கி ஜூன் 9 வரை ஓடிய கூட்டம் அது. நிகழ்ச்சி நிரலில் கடலும் கரையோரமும் இருந்தன. சரி, இதைவிட நல்ல நேரம் வராது என்று வெள்ளவத்தையில் ஆளுக்கொரு தொடர்மாடியில் இருந்தபடி நாங்கள் நாலு பேர் இரண்டு நிமிடப் பேச்சு ஒன்றை எழுதினோம். கப்பல், நைத்திரிக் அமிலம், ஆமைகள், கடலுக்குப் போக முடியாத மீனவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். வாசித்துப் பார்த்தபோது எங்களுக்கே கண் கலங்கியது.

அந்தப் பேச்சை யாரும் கேட்கவில்லை. பேசுவோர் பட்டியல் அதற்கு முதலே மூடப்பட்டிருந்தது. பேசக் கிடைத்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்று விளங்க எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. எந்த ஆவணத்தில், எந்தப் பந்தியில், எந்தச் சொல்லை மாற்றச் சொல்கிறோம் என்று எங்கள் பேச்சில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கூட்டங்களை மேடை என்று நினைத்துக்கொண்டு போவதுதான் பெரிய பிழை. அங்கே நடப்பது எழுத்து வேலை. ஒரு வரைவு இருக்கும். நாடுகள் ஒவ்வொன்றாக வந்து இந்தச் சொல்லைச் சேர், அந்தச் சொல்லை எடு என்று சொல்லும். உடன்பாடு வராத இடமெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தால் அது தீர்மானம். 196 தரப்புகள் உள்ள சமவாயம் இது. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1993 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 1994இல் சேர்ந்தது. சொல்லை மாற்றும் உரிமை அந்தத் தரப்புகளுக்கு மட்டும்தான். எங்களைப் போன்றவர்கள் அவதானிப்பாளர்கள். நாடுகள் பேசி முடித்த பிறகு நேரம் மிஞ்சினால் எங்கள் முறை வரும். நாங்கள் ஒரு திருத்தம் சொன்னாலும், ஏதாவது ஒரு நாடு கையை உயர்த்தி "இதை நாங்கள் ஆதரிக்கிறோம்" என்று சொன்னால்தான் அது வரைவுக்குள் ஏறும். யாரும் சொல்லாவிட்டால் தலைவர் நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான்.

ஒரு சொல் எவ்வளவு பெறும் என்பதை அந்தப் பிளாஸ்டிக் மணிகளை வைத்தே பார்க்கலாம். சமவாய நாடுகள் எட்டவேண்டிய இலக்குகளை வகுக்கும் உலக உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தின் முதல் வரைவு 2021 ஜூலையில் வெளிவந்தது. அதன் 7ஆவது இலக்கு மாசு பற்றியது. பிளாஸ்டிக் கழிவு சூழலில் சேர்வதை "ஒழித்தல்" என்று அதில் இருந்தது. 2022 டிசம்பர் 19இல் மொன்ட்ரியலில் நிறைவேறிய குன்மிங்-மொன்ட்ரியல் சட்டகத்தில் அதே 7ஆவது இலக்கைத் திறந்தால், பிளாஸ்டிக் மாசைத் "தடுத்தல், குறைத்தல், ஒழிப்பதை நோக்கி வேலை செய்தல்" என்று இருக்கிறது. ஒழித்தல் எங்கே, ஒழிப்பதை நோக்கி வேலை செய்தல் எங்கே! "வேலை செய்துகொண்டிருக்கிறோம்" என்று எந்த அரசும் எந்தக் காலமும் சொல்லலாம். பீடைகொல்லிக்கும் இதே கதிதான். மூன்றில் இரண்டு பங்கைக் குறைப்பது என்று முதலில் இருந்தது, கடைசியில் "ஒட்டுமொத்த ஆபத்தை" குறைந்தது பாதியாக்குவது என்று ஆனது. வரைவுக்கும் முடிவுக்கும் நடுவில் 17 மாதம் கிடந்தது. ஜெனீவாவில் ஒரு சுற்று, நைரோபியில் ஒரு சுற்று நடந்தன. அந்த 17 மாதத்தில் நாங்கள் செய்தது, எழுதிய பேச்சை முகநூலில் போட்டதுதான்.

வேறொரு சிக்கல் எங்கள் மொழியிலேயே இருக்கிறது. ஆங்கில வரைவில் "அர்ஜஸ்" (வலியுறுத்துகிறது), "என்கரேஜஸ்" (ஊக்குவிக்கிறது), "இன்வைட்ஸ்" (அழைக்கிறது) என்று வினைச்சொற்கள் வரும். முதலாவது அழுத்தமானது, மற்றவை படிப்படியாக இளகியவை. தமிழ்ச் செய்தியில் மூன்றும் "கேட்டுக்கொண்டது" என்று ஒரே மாதிரி வந்துவிடும். அதை மட்டும் வாசித்துவிட்டு வருகிறவர் ஒரு வினைச்சொல் இளகிப்போனதைக் கவனிக்கவே மாட்டார். எனவே கூட்டத்துக்கு முதல் நாள் தமிழில் கதைத்து முடிவெடுங்கள், ஆனால் திருத்தத்தை ஆங்கில வரைவின் மேலேயே எழுதுங்கள். உரைபெயர்ப்பு ஐ.நா.வின் ஆறு மொழிகளில்தான் இருக்கும், தமிழும் சிங்களமும் அதில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்தரமுல்லையை மறந்துவிட்டு மொன்ட்ரியலுக்குப் பாய்வது

ஒரு நாடு ஆதரிக்க வேண்டும் என்றேன். எந்த நாடு? முதலில் எங்கள் நாடு. சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. 177ஆம் இலக்க பஸ் கொள்ளுப்பிட்டியிலிருந்து அந்தப் பக்கம்தான் போகிறது. அங்கே போகாமல் உலகத்தோடு நேரே கதைக்கலாம் என்பது இணையவழிக் கூட்டம் தந்த மயக்கம். இலங்கைக் குழு தன் நிலைப்பாட்டைக் கூட்டம் தொடங்குவதற்குக் கிழமைகளுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு பக்கக் கடிதம் போனால் வாசிக்க ஆள் இருக்கும். கூட்டம் நடக்கும்போது நீளமான வாட்ஸ்அப் அனுப்பினால் அவர்களுக்கும் அதைத் திறக்க நேரம் இராது. அதிகாரி பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்வதற்கு முன் நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பதில் வராத கடிதத்தின் வரி ஒன்று நாட்டின் உரைக்குள் இருந்ததை நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

எந்தச் சமவாயம் என்பதிலும் ஆட்கள் தடுமாறுகிறார்கள். சுறாத்துடுப்பு வியாபாரம், நட்சத்திர ஆமைக் கடத்தல் என்றால் அது சைட்ஸ், அதாவது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சமவாயம், அதன் செயலகம் ஜெனீவாவில். பெல்லன்வில-அத்திடிய சதுப்பை நிரப்புகிறார்கள் என்றால் ஈரநிலங்களுக்கான ராம்சார் சமவாயத்தின் பக்கம் போகவேண்டும். 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்று அங்கீகாரம் கொடுத்ததும் அதுதான். இந்த இரண்டையும் இலங்கையில் கவனிப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். 2019 மே மாதம் சைட்ஸ் மாநாடு கொழும்பிலேயே நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு தள்ளிப்போய் ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. வீட்டு வாசலுக்கு வந்த மாநாடு கைநழுவிப் போனது எங்களில் பலருக்கு இன்னும் ஆற்றாமைதான்.

பதிவு செய்வதில் ஒரே ஒரு விஷயம். தனி ஆளாக உள்ளே போக முடியாது. ஒரு அமைப்பு அவதானிப்பாளராக ஏற்கப்பட்டிருக்க வேண்டும், பிறகு அதன் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தில் உங்கள் பெயர் வரவேண்டும். கடைசி நாளில் கடிதத்தாள் தேடி ஓடாதீர்கள். அமைப்பு இல்லாதவர்கள் நேரடி ஒளிபரப்பைப் பார்க்கலாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இளையவர்கள் என்றால் உலக இளைஞர் உயிர்ப்பல்வகைமை வலையமைப்பின் ஊடாக வரலாம். பத்து அமைப்புகள் பத்துப் பேச்சு கேட்டு நிற்பதை விட ஒரு கூட்டணிப் பேச்சில் எங்கள் ஒரு வரி ஏறுவது நல்லது. ஆனால் யார் பெயரில் பேசுகிறீர்கள் என்பதில் கவனம். "ஆதிகுடிகளும் உள்ளூர்ச் சமூகங்களும்" என்பது அங்கே கனமான சொற்றொடர், 2024இல் காலியில் நடந்த சமவாய மாநாட்டில் அவர்களுக்கென்றே நிரந்தரத் துணை அமைப்பு ஒன்றும் உருவானது. (கொலம்பியாவின் காலி. எங்கள் காலி என்று நினைத்து ஒரு தம்பி பஸ் நேரம் கேட்டான்.) நீர்கொழும்புக் களப்பு மீனவர்களுக்காகப் பேசுவதானால் முதலில் அந்த மீனவர்களிடம் கேளுங்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு "எங்கள் சமூகம்" என்று சொல்ல எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

நேரம், மைக், மின்சாரம்

அழைப்பில் உலகப் பொது நேரம் போட்டிருந்தால் அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். சமவாயத்தின் செயலகம் இருக்கும் மொன்ட்ரியலின் நேரம் என்றால் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு, ஜெனீவாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் வரும் இரண்டு மூன்று கிழமைகளில்தான் ஆட்கள் பிந்துகிறார்கள்.

பேசக் கிடைத்துவிட்டால் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறோம்: வேகம். இரண்டு நிமிடத்துக்குள் நாலு நிமிடப் பேச்சைத் திணித்தால் உரைபெயர்ப்பாளர் பாதியில் கைவிட்டுவிடுவார். பிரெஞ்சிலோ ஸ்பானிய மொழியிலோ கேட்கும் நாட்டுக்கு உங்கள் திருத்தம் போய்ச் சேராது. என் கணக்கில் இரண்டு நிமிடத்துக்கு 220 ஆங்கிலச் சொல்லே அதிகம். முதல் வரியில் பந்தி எண், இரண்டாவது வரியில் திருத்தம், பிறகுதான் காரணம். வணக்கமும் வாழ்த்தும் வேண்டாம். பேச்சின் பிரதியை முன்கூட்டியே சமவாயத்தின் செயலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்து லப்டொப் மைக்கில் பேசினால் காற்றுத்தான் கேட்கும், ஐந்து நிமிடம் வேர்த்தால் பரவாயில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த காலத்தில் பழகியதை இன்னும் விடவில்லை: போனில் தனி டேட்டா, சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க், எழுத்துப் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம். என் லைன் விழுந்தால் மட்டக்களப்பில் இருக்கும் அக்கா வாசிப்பார்.

அப்புறம் ஸ்கிரீன்ஷொட். சொற்களைப் பேரம்பேசும் சிறு குழுக்களில் அவதானிப்பாளர்களை இருக்க விடுவதே ஒரு நம்பிக்கையில்தான். "பார்த்தீர்களா, இந்த நாடு எதிர்க்கிறது" என்று ஒரு படத்தைப் போட்டால் லைக் வரும், அடுத்த முறை கதவு மூடப்படும். அந்த நாட்டுக்காரரும் பிறகு உங்களோடு கதைக்க மாட்டார்.

பேசாமலே செய்யக்கூடியது

உண்மையைச் சொன்னால், பேச்சை விடப் பயனுள்ள வழி மீளாய்வுக் கருத்துகள்தான். சமவாயத்தின் வரைவு ஆவணங்கள் பலவற்றுக்கும், ஜெர்மனியின் பொன் நகரில் செயலகம் உள்ள, உயிர்ப்பல்வகைமை பற்றிய விஞ்ஞான அறிவைத் தொகுத்து அரசுகளுக்குச் சொல்லும் ஐபிபெஸ் அமைப்பின் மதிப்பீடுகளுக்கும் வெளியாட்களிடமிருந்து கருத்துக் கேட்பார்கள். ஐபிபெஸில் துறை அறிவுள்ள எவரும் தனி ஆளாகவே பதிந்து எழுதலாம். இங்கே விடும் பிழை, "அருமையான ஆவணம், ஆனால் தெற்காசியா போதாது" என்று எழுதுவது. அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? பக்க எண், வரி எண், புதிய வாசகம், ஆதாரம் என்று நாலும் வேண்டும். உதாரணத்துக்கு: பக்கம் 6, வரி 14, "கரையோர ஈரநிலங்கள்" என்பதை "கரையோர, நகர ஈரநிலங்கள்" என்று மாற்றவும், கொழும்பின் சதுப்புகள் நகரத்து வெள்ளநீரைத் தேக்கிவைக்கின்றன, இணைப்பில் ஆய்வு. நாலு வரிதான். இப்படிப்பட்ட கருத்துகள் பெயரோடு பொதுவில் வெளியாகும், அதனால் கோபத்தில் எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து அனுப்புங்கள்.

கடைசி நாளோடு போய்விடுவதும் ஒரு பிழை. காலியில் 2024 நவம்பர் 2ஆம் திகதி காலை, போதிய நாடுகள் மண்டபத்தில் இல்லாமல் மாநாடு இடைநிறுத்தப்பட்டது. நிதி பற்றிய முடிவு 2025 பெப்ரவரியில் ரோமில்தான் வந்தது. நடுவில் இருந்த மாதங்களில் யாரும் பத்தரமுல்லைக்கு எழுதக்கூடாது என்று சட்டம் இல்லை. நாங்கள் அந்த முறை எழுதினோம், ஒரு பக்கம்தான், பந்தி எண்ணோடு.

அடுத்த மாநாடு 2026 ஒக்டோபரில் ஆர்மீனியாவின் யெரெவானில் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே காலை 10 மணி என்றால் எங்களுக்கு 11.30. இந்த முறை இரவு விழித்திருக்கும் வேலை இல்லை, ஆனால் எல்லாம் அலுவலக நேரத்துக்குள் விழுகிறது. நான் லீவு விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.