மட்டி ஓட்டில் ஒரு வேதியியல் வித்தை

எட்டாம் வகுப்புக்கு வேதியியலில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது காட்ட வேண்டும். பிள்ளைகள் கேட்டது நுரை பொங்கும் ‘யானைப் பற்பசை’. அது பிரமாதமாகப் பொங்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். தோலைச் சுட்டுவிடும், வகுப்புக்கு ஆகாது. மெழுகுவர்த்தி வித்தைகளோ எங்கள் மண்டபம் ஊரின் கடல்காற்றில் நிற்காது.

சரி, கையில் இருப்பதையே எடுப்போம் என்று சமைத்து மிஞ்சிய மட்டி ஓடுகளைச் சேர்த்தேன். அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முழு ஓட்டில் வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்தது; இடித்துப் பொடியாக்கியதும் சரசரவென்று நுரைத்தது. எலுமிச்சைச் சாறு வேண்டாம். எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட் பொடிமேல் படிந்து வேகத்தைக் குறைக்கும்.

பாட்டில் மூடியில் சலைன் குழாயைச் செருகி, நுரையில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டேன். பால்போல வெளுத்தது! விடாமல் செலுத்தினால் அந்த வெள்ளை கால்சியம் பைகார்பனேட்டாகிக் கரைந்து மறுபடி தெளியும். அங்கேதான் வகுப்பே எழுந்து நின்றது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: நான் வாங்கிய சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததே. வெள்ளையாக வந்தது அதே ஓட்டுப் பொருள்தான்.

வினிகர் குழாயில் ஏறாதபடி பாட்டிலைப் பாதிக்குக் கீழேயே நிரப்புங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அப்புறம், மட்டி ஓட்டுக்குப் பதிலாகப் பவளத் துண்டுகளைத் தொடாதீர்கள். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.