பூங்காவில் மகளுக்கு ஒரு மதியத் தூக்கம்

முதல் முறை கேளிக்கைப் பூங்காவுக்குப் போனபோது, 2 வயது மகள் தூக்கம் கெட்டு மாலை முழுவதும் அழுதாள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அடுத்த முறை, நுழைந்ததுமே வரைபடத்தில் குழந்தைகள் பராமரிப்பு அறையைத் தேடினேன். வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கே உடை மாற்றி, பால் கொடுத்து, தள்ளுவண்டியை அருகிலிருந்த மரநிழலுக்குக் கொண்டுபோனேன். ஒலிபெருக்கியும் ஊர்வலப் பாதையும் இல்லாத மூலை அது. இருக்கையைச் சாய்த்து, வார்களை மாட்டினேன். வெளிச்சத்தை மறைக்க வண்டியின்மேல் போர்வை போர்த்தவே கூடாது. உள்ளே வெப்பம் வேகமாக ஏறிவிடும். மேல்மறைப்பை மட்டும் இழுத்துவிட்டேன்.

கண் சொக்கும்வரை காத்திராததுதான் பலித்தது. ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். அதற்குள் கணவரும் மூத்தவனும் பெரிய ராட்டினத்தில் ஏறி வந்துவிட்டார்கள்.