டூ ஸ்ட்ரோக் கார்ட்டுக்கு இன்ஜெக்‌ஷன்: ஒரு பிஸ்டனைச் சுட்டுக் கற்றது

டர்பனில் கடலோரம் அழகாக ஓடும் 125 சிசி கோ-கார்ட்டை, பாக்கி (பிக்கப்) வண்டியில் ஏற்றி என்3 வழியாக ஜொகானஸ்பர்க் கொண்டுபோய் இறக்கினால் இருமிக்கொண்டே புகை கக்கும். நம் ஊரில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் 82, 83தான். காற்று குறைய, பெட்ரோல் மட்டும் அதிகமாகிவிடும். ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்றி அலுத்துப்போய்த்தான் நான் இன்ஜெக்‌ஷன் பக்கம் வந்தேன். ஒன்று மட்டும்: ராட்டக்ஸ் மேக்ஸ் மாதிரி பந்தய வகுப்புகளில் கார்புரேட்டர்தான் விதி, அங்கே இதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

எங்கே பீய்ச்சுவது?

சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சலாம், எவின்ரூட் ஈ-டெக் படகு எஞ்சின்கள் அப்படித்தான். பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியே வீணாவது குறையும், ஆனால் வீட்டு கராஜில் செய்கிற வேலை இல்லை. இத்தாலிய பைக் கம்பெனி பிமோட்டாவே 1997இல் வி-டுவே பைக்கில் வைத்துப் பார்த்துவிட்டு கார்புரேட்டருக்குத் திரும்பியது. கேடிஎம் பைக்கின் டிபிஐ (டிரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்‌ஷன்) மாதிரி, கிராங்க் பக்கமிருந்து சிலிண்டருக்குப் போகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் பீய்ச்சினால் கிராங்க் பக்கம் பெட்ரோல் போகாது, அதனால் பேரிங்குக்குத் தனி ஆயில் பம்ப் வேண்டும். காற்று உள்ளே நுழையும் த்ராட்டில் பாடியில் வைத்தால் வழக்கம்போல ஆயில் கலந்த பெட்ரோலே போதும். புதிதாகத் தொடங்குகிறவர் இதையே எடுங்கள்.

இன்ஜெக்டர்

டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பீய்ச்ச வேண்டும். 12,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 5 மில்லிசெகண்ட், அதில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கவே ஏறக்குறைய 1 போய்விடும். 22 கிலோவாட் எஞ்சின் நிமிடத்துக்கு 250 சிசி அளவில் குடிக்கும் என்று வைத்தால், 3 பார் அழுத்தத்தில் 400 சிசி இன்ஜெக்டர் வாங்குங்கள். ஐடில் கொஞ்சம் தடுமாறும், பந்தய வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை.

ஈசியூ (இங்கேதான் நான் விழுந்தேன்)

இன்ஜெக்டரை இயக்கும் கம்ப்யூட்டராக (ஈசியூ) நான் ஸ்பீடுயினோ போட்டேன். விலை குறைவு, திறந்த மூலம், தப்பு எங்கே என்று நாமே தோண்டலாம். வயரிங், கிராங்க் சென்சர் எல்லாம் சரி. ஓட்டினால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அடித்தது. கலவை ரிச் ஆனால் (பெட்ரோல் அதிகமானால்) இதே சத்தம்தான் வரும் என்று கார்ப் காலத்துப் பழக்கத்தில் பெட்ரோலைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், மூன்றாவது லேப்பில் பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கொண்டது. மாமா பிளக்கை உருவிப் பார்த்து, "டேய், வெள்ளையா இருக்கே, இதுவா ரிச்?" என்றார். காரணம் கேவலமானது: அமைப்புப் பக்கத்தில் எஞ்சின் வகை ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ என்றே இருந்தது, அதனால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பீய்ச்சியிருக்கிறது. லாப்டாப்பை மாட்டியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் இல்லாமல் கிராங்க் சுற்ற விட்டு, சுற்றுக்கு ஒரு துடிப்பு வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்ற மேப்பிங்குக்கு ஆல்ஃபா-என் போதும், அதாவது த்ராட்டில் கோணமும் ஆர்பிஎம்மும். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கில் மேனிஃபோல்ட் (காற்று உள்ளே வரும் குழாய்) அழுத்தம் குதித்துக்கொண்டே இருக்கும், நம்ப முடியாது. எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் அளக்கும் லாம்ப்டா சென்சரும் எனக்குப் பிடிக்காது: எரியாத காற்று எக்ஸாஸ்ட்டில் தப்பிப் போவதால் லீன் (பெட்ரோல் குறைவு) இல்லாதபோதும் லீன் என்று காட்டும், ஆயில் வேறு அதைக் கெடுக்கும். எக்ஸாஸ்ட் வெப்பமானியும் பிளக் நிறமும்தான் என் கண். ரிச்சாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

பிறகு சேர்த்தது

ஜொகானஸ்பர்க் வாசகர் ஒருவர், இன்ஜெக்‌ஷன் போட்டும் அங்கே ரிச்சாகத்தான் ஓடுகிறது என்று எழுதினார். ஆல்ஃபா-என்னுக்கு உயரம் தெரியாது, பாரோ (காற்றழுத்த) திருத்தத்தை இயக்கியே ஆக வேண்டும், அதை மேலே எழுத மறந்துவிட்டேன். இன்னொருவருக்கு முதல் ஐந்து லேப் சரி, பிறகு லீன். சார்ஜிங் இல்லாத கார்ட்டில் பேட்டரி வோல்ட் இறங்க இறங்க இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், அந்தத் திருத்த அட்டவணையைக் காலியாக விட்டிருக்கிறார். நிரப்பச் சொன்னேன், ஒவ்வொரு ஹீட்டுக்கும் (தகுதிப் பந்தயத்துக்கும்) முழுசாகச் சார்ஜ் செய்த பேட்டரி மாட்டச் சொன்னேன். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் அன்று சார்ஜ் ஏற்றுவது அவர் பாடு.