நூறு சிட்-அப்ஸ் எடுத்தும் தொடையிடுக்கு வலிக்கிறதா?

வியாசர்பாடியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் தினமும் மொட்டை மாடியில் நூறு சிட்-அப்ஸ் எடுப்பான். வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை தெரியும். ஆனால், மாலையில் ஐவர் கால்பந்து ஆடிவிட்டு வந்தால் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவான். "இவ்வளவு உழைக்கிறேனே அண்ணா, பிறகு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டான்.

உழைப்பில் குறையில்லை, அது போய்ச் சேரும் இடம்தான் தவறு. சிட்-அப்ஸ் உடலை முன்னால் மடக்கப் பழக்குகிறது. ஆனால், ஐவர் கால்பந்து ஆடும் உள்ளரங்கத் தளம் சர்வதேச அளவிலேயே சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்தான். நாலு எட்டு ஓடுவதற்குள் நின்று, பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மண் மைதானத்தில் கால் சற்றே சறுக்கி வேகத்தைத் தணித்துவிடும். இங்கே ஷூ தரையைக் கவ்விக்கொள்வதால் அந்த வேகத்தை இடுப்பும் தொடையிடுக்கும்தான் தாங்குகின்றன. அப்போது வயிற்றுக்கும் முதுகுக்கும் உள்ள வேலை வளைவதல்ல, வளையாமல் நிற்பது.

அதற்குத்தான் முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல நேராகப் பிடித்து நிற்கும் பிளாங்க், அதையே பக்கவாட்டில் செய்யும் சைடு பிளாங்க். அதையும் நேரப் போட்டியாக்கிவிடுகிறோம். மூன்று நிமிடம் நிற்கிறேன் என்பவரின் இடுப்பைப் பாருங்கள், முதல் நிமிடத்திலேயே பழைய கயிற்றுக் கட்டில்போலத் தொய்ந்திருக்கும். நேராக 30 நொடி, மூன்று முறை. அது போதும்.

பலரும் தொடாமலே விடுவது உட்தொடையை. கோபன்ஹேகன் பயிற்சி என்று ஒன்று உண்டு. பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்ற வேண்டும். மேலே இருக்கும் காலை நண்பர் பிடித்துக்கொள்ள, உட்தொடை பலத்தால் உடலைத் தூக்கி இறக்க வேண்டும். நார்வேயில் ஆண் கால்பந்து வீரர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், இதை மையமாகக் கொண்ட பயிற்சியைச் செய்த அணிகளில் தொடையிடுக்குத் தொல்லைக்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால், முதல் நாளே கணுக்காலைப் பிடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் நடக்கவே முடியாது. முதலில் வெறுமனே பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கீழே இருக்கும் காலை உயர்த்துங்கள். அடுத்து முழங்காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். கணுக்கால் கடைசியில்தான். பிடிக்க ஆளில்லை என்று பிளாஸ்டிக் நாற்காலியில் காலை வைக்காதீர்கள், அது சாய்ந்துவிடும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் இது வேண்டவே வேண்டாம்.

இடுப்பின் வெளிப்புறத்துக்கு ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பார்கள். உடல் இடமும் வலமும் ஆடினால் பட்டைக்குத்தான் பயிற்சி. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் மெல்ல உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்தாலோ, மறுபக்க இடுப்பு இறங்கினாலோ பலவீனம் எங்கே என்று தெரிந்துவிடும்.

இருமினாலும் தும்மினாலும் தொடையிடுக்கு வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது குடலிறக்கமாகவும் இருக்கலாம்.

தம்பி இப்போது சிட்-அப்ஸை நாற்பதாகக் குறைத்திருக்கிறான். முழுவதும் விட இன்னும் மனம் வரவில்லை.